கோவில்பட்டியில் குடிகொண்ட நாதம்

கோவில்பட்டி என்றவுடன் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? கடலை மிட்டாய் என்பீர்கள். (2020-ல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்துவிட்டது.) உங்கள் வீட்டுக்காரரைக் கேட்டால் தீப்பெட்டி என்பார். பள்ளிக்கூடம் போகும் பையன் ஹாக்கி என்பான். மூன்றும் சரிதான். ஆனால் வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி யாராவது இருந்தால் அவரை ஒரு முறை கேட்டுப் பாருங்கள். "அது காருகுறிச்சி இருந்த ஊராச்சே!" என்று சொன்னாலும் சொல்வார்.

காருகுறிச்சி என்பது ஓர் ஊர். திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற வழியில், பாய்க்குப் பேர்போன பத்தமடைக்கு அடுத்தாற்போல இருக்கிறது. தாமிரபரணித் தண்ணீர் பாய்கிற நஞ்சை பூமி. அங்கே 1921-ல் பிறந்த அருணாசலம் என்ற பிள்ளை பிற்பாடு வறண்ட கோவில்பட்டிக்கு வந்து குடியேறினார். கையில் ஒரு நாதஸ்வரம். அதன் பிறகு காருகுறிச்சி என்றால் ஊரின் பெயர் என்பதே ஜனங்களுக்கு மறந்து போயிற்று. அது ஒரு மனிதரின் பெயராகிவிட்டது. இன்றும் கோவில்பட்டியில் அவருக்குச் சிலை இருக்கிறது. அரசியல்வாதிகளுக்கும் அரசர்களுக்கும் சிலை வைப்பது நம் நாட்டில் சகஜம். ஒரு மேளக்காரருக்கு ஒரு தொழில் நகரம் சிலை வைத்திருக்கிறதென்றால், அந்த வாத்தியத்தில் என்ன மாயம் செய்தார் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

முதலில் அந்தச் சீமையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டையிலிருந்து தெற்கே விளாத்திகுளம் போகிற பாதையில் புதூர் என்று ஒரு சிற்றூர். தமிழ்நாட்டில் புதூருக்கா பஞ்சம்? ஜில்லாவுக்குப் பத்து புதூர் உண்டு. இது கரிசல்காட்டுப் புதூர். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் கறுப்பு மண். மழை பெய்தால் காலை விடாமல் பிடித்துக்கொள்ளும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். ஆற்றுப் பாசனம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் வானம் கண் திறந்தால் பருத்தி, உளுந்து, கம்பு, சோளம், மிளகாய். வானம் கண் திறக்காவிட்டால் ஒன்றுமில்லை. இந்த மாதிரி இடத்தில் சங்கீதம் விளையுமா என்று தஞ்சாவூர்க்காரர்கள் கேட்கலாம். காவேரித் தண்ணீரைக் குடித்தால்தான் ஸ்வரம் பேசும் என்பது அவர்களுடைய நெடுநாளைய அபிப்பிராயம்.

ஆனால் பக்கத்து எட்டயபுரத்தின் கதை வேறு விதமாக இருக்கிறது. முத்துஸ்வாமி தீக்ஷிதர் தம் கடைசிக் காலத்தில் வந்து தங்கி, 1835-ல் கண்ணை மூடியது அந்த ஊரில்தான். அவருடைய சமாதி அங்கேயே இருக்கிறது. அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆஸ்தான வித்வான். வெள்ளைக்காரர்களிடமிருந்து பிடில் வாசிக்கக் கற்றுக்கொண்டு, அதை நம் சங்கீதத்துக்கு முதலில் பழக்கியவர் என்று பெயர் பெற்றவர் இவர்தான். அடுத்த தலைமுறையில் சுப்பராம தீக்ஷிதர் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற மாபெரும் நூலை 1904-ல் எட்டயபுரத்து அச்சுக்கூடத்திலேயே அச்சிட்டு வெளியிட்டார். வயலின் இல்லாத கச்சேரியை இன்று நம்மால் நினைத்துப் பார்க்க முடிகிறதா? அந்தப் பரதேசி வாத்தியம் நம் வீட்டுப் பிள்ளையாகிப் போனதில் கரிசல் மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு.

விளாத்திகுளத்திலும் ஒருவர் இருந்தார். நல்லப்ப சுவாமிகள் என்று பெயர். விளாத்திகுளம் சுவாமிகள் என்றே எல்லோரும் அழைத்தார்கள். சாகித்தியம் இல்லாமல், வெறும் ராக ஆலாபனையையே மணிக்கணக்கில் பாடுவாராம். காட்டில் களையெடுக்கிற பெண்கள் பாடுகிற மெட்டுக்களில்தான் நம் ராகங்களின் வேர் இருக்கிறது என்பது அவருடைய கட்சி. பட்டணத்துப் பண்டிதர்கள் இதை ஏற்றுக்கொண்டார்களோ என்னவோ, கோவில்பட்டி வட்டாரத்து ரசிகர்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அப்படிக் கொண்டாடியவர்களில் நம் காருகுறிச்சி அருணாசலமும் ஒருவர். கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் கிராமத்து எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் சங்கீதப் பைத்தியங்கள் என்பது இலக்கிய உலகம் அறிந்த செய்தி. ஆக, கேட்பதற்குக் காதுகள் தயாராக இருந்த சீமை அது. ரசிகர் இல்லாத இடத்தில் வித்வான் வந்து குடியேறுவாரா?

மூன்று வாத்தியம்

இப்போது மேளத்துக்கு வருவோம். மேளம் என்றால் கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்து சத்தம் போடுகிற கும்பல் என்று நினைத்துவிடாதீர்கள். அது மிகவும் நுட்பமான ஒரு சிறு குழு. அதில் அடிப்படை மூன்று: பாட்டைச் சுமக்கிற நாதஸ்வரம், தாளத்தைச் சுமக்கிற தவில், சுருதியைச் சுமக்கிற ஒத்து. கூட ஒரு ஜால்ரா.

ஒத்து என்பது பார்வைக்கு நாதஸ்வரம் மாதிரியே இருக்கும். ஆனால் விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது. ஒரே ஸ்வரம். அதை இடைவிடாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சு வாங்குவது எப்போது என்கிறீர்களா? கன்னத்தில் காற்றை நிரப்பி வைத்துக்கொண்டு, அதை மெள்ள வெளியே விடும்போதே மூக்கால் உள்ளே இழுத்துக்கொள்வார். பச்சைக் குழந்தையின் கன்னம் போல உப்பிக்கொண்டு, மணிக்கணக்கில் ஒருவர் அப்படியே உட்கார்ந்திருப்பார். அவரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவர் நிறுத்தினால் மட்டும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்! இப்போது அந்த வேலையைச் சுருதிப் பெட்டி செய்கிறது. பெரும்பாலும் மின்சாரச் சுருதிப் பெட்டி.

தவிலுக்குப் பலா மரத்தில் கூடு. வலது கை விரல்களில் துணியும் மாவுப் பசையும் சேர்த்துச் செய்த கெட்டியான கூடுகளை மாட்டிக்கொள்வார்கள். இடது கையில் பூவரசங்கழி. சத்தம் பெரிது, ஆனால் சத்தம் போடுவது மட்டும் அதன் வேலையல்ல. பாட்டுக் கச்சேரியில் ராக ஆலாபனை நடக்கும்போது மிருதங்கக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேளத்தில் அப்படியல்ல. நாதஸ்வரக்காரர் ஒரு பிடியை முடித்து மூச்சு வாங்குகிற இடத்தில் தவில் நுழைந்து நாலு சொல் சொல்லும். அந்த நாலு சொல் ராகத்தின் போக்கை ஒட்டி இருக்க வேண்டும். அடுத்த பிடிக்குத் தூண்டுகோலாகவும் இருக்க வேண்டும். ஆளுக்கு ஆள் சண்டை போடுவது போலத் தோன்றும். உண்மையில் அது ஒரு சம்பாஷணை.

நாதஸ்வரத்தின் சங்கதியோ இன்னும் நுட்பம். ஆச்சா மரத்தில் கடைந்த நீண்ட குழல். அதை உலவு என்பார்கள். அடியில் அணசு. மேலே கெண்டையில் செருகிய சீவாளி. உலவில் வாசிப்பதற்கு ஏழு துளைகள். கீழே இன்னும் ஐந்து துளைகள் உண்டு. அவற்றை மெழுகால் அடைத்தும் திறந்தும் நாதத்தைச் சரிசெய்து கொள்வார்கள். சீவாளி ஒரு சின்ன நாணல் துண்டு, அவ்வளவுதான். காய்ந்தாலும் கெட்டது, நனைந்தாலும் கெட்டது. வித்வானின் வாத்தியத்தில் ஒரு கொத்துச் சீவாளிகள் தொங்குவது அழகுக்காக அல்ல. ஒன்று பேச மறுத்தால் இன்னொன்று! கும்பகோணத்துக்குப் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் செய்கிற நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடலை மிட்டாய்க்கு இரண்டு வருஷம் பின்தங்கித்தான்; போகட்டும்.

நியூயார்க்கில் மூவர்

இந்த இடத்தில் கடல் தாண்டி ஒரு நடை போய் வருவோமா? அமெரிக்காவில் ஜாஸ் என்று ஒரு சங்கீதம். கறுப்பின மக்கள் பெற்றெடுத்தது. நம் சங்கீதத்தைப் போலவே மனோதர்மத்துக்கு அங்கே முதல் மரியாதை. ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு அன்றன்று தோன்றுகிறபடி வளர்த்துக்கொண்டு போவார்கள். அதில் பியானோ, டபுள் பாஸ், டிரம்ஸ் மூன்றும் சேர்ந்த சின்னக் குழுவுக்குத் தனி மவுசு. பாஸ் என்பது ஆள் உயரத்துக்கு நிற்கிற பிடில். அதன் தந்தியை விரலால் மீட்டுவார்கள்.

பில் எவான்ஸ் என்ற பியானோக்காரர், ஸ்காட் லஃபாரோ என்ற பாஸ்காரர், பால் மோஷியன் என்ற டிரம்ஸ்காரர் மூவரும் 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமையன்று நியூயார்க்கில் வில்லேஜ் வான்கார்ட் என்ற சின்ன நிலவறை விடுதியில் வாசித்தார்கள். அதைப் பதிவு செய்து இரண்டு இசைத்தட்டுகளாகப் பின்னர் வெளியிட்டார்கள். அதுவரை பாஸ்காரர் என்றால் பியானோவுக்குக் கீழே அடிநாதம் போட்டுக்கொண்டு போவது வழக்கம். லஃபாரோ அப்படிப் போகவில்லை. பியானோ ஒரு வார்த்தை சொன்னால் அவர் ஒரு வார்த்தை சொன்னார். டிரம்ஸும் காலத்தை எண்ணிக்கொடுப்பதோடு நிற்காமல் பேச்சில் கலந்துகொண்டது. மூவரில் யார் முதல், யார் பக்கவாத்தியம் என்று சொல்ல முடியாத ஒரு கட்டுமானம். பிறகு வந்த பியானோ குழுக்களில் அந்தப் பாதிப்பு இல்லாதவை அபூர்வம்.

அந்தக் கச்சேரி நடந்த பதினோராவது நாள், ஜூலை 6-ம் தேதி, லஃபாரோ மோட்டார் விபத்தில் இறந்தார். வயது 25. பில் எவான்ஸ் பல மாதங்கள் பியானோப் பக்கம் அதிகமாகப் போகவில்லை.

அந்தப் பதிவைக் கேட்டால் இன்னொன்றும் கேட்கும். கண்ணாடித் தம்ளர்கள் மோதுகிற சத்தம், பேசுகிறவர்களின் குரல், நடுவில் ஒரு சிரிப்பு. இப்பேர்ப்பட்ட சங்கீதம் நடந்துகொண்டிருக்கும்போது அவர்கள் பாட்டுக்கு அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள்! நம் கல்யாண மண்டபங்களை நினைத்து நாம் மட்டும் ஏன் தலை குனிய வேண்டும் என்று அப்போது ஒரு சிறு ஆறுதல் ஏற்படுகிறது. சிறு ஆறுதல்தான்.

பக்கத்தில் நின்ற பயிற்சி

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை அறியாதவர் யார்? தோடி என்றால் அவர், அவர் என்றால் தோடி. பழைய நாதஸ்வரம் குட்டையாக, உச்ச சுருதியில் இருக்கும். திமிரி என்று அதற்குப் பெயர். ராஜரத்தினம் அதைவிட நீளமான, தணிந்த சுருதியுள்ள பாரி நாதஸ்வரத்தை நிலைநிறுத்தினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி அவருக்காகப் பல சோதனைகள் செய்து, மத்தியமம் சுத்தமாகப் பேசுகிற வாத்தியத்தைச் செய்து கொடுத்தார். சுருதி தணிந்ததும் என்ன ஆயிற்று? தெருவில் சுவாமி புறப்பாட்டுக்கு முழங்கிக்கொண்டிருந்த வாத்தியம், பாட்டுக்காரர் குரலைப் போல இழைந்து குழையத் தொடங்கியது.

அவர் மாற்றியது வாத்தியத்தை மட்டுமல்ல. அந்நாளில் பெரிய மனிதர் வீட்டில் நாதஸ்வரக்காரர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றபடி வாசிக்க வேண்டும். ராஜரத்தினம் கிராப்பு வைத்துக்கொண்டார், கோட்டு அணிந்தார், மேடை போட்டால்தான் உட்கார்ந்து வாசிப்பேன் என்றார். கர்வி என்று சிலர் முணுமுணுத்தார்கள். அந்தக் கர்வத்தின் பலனை அவருக்குப் பின்னால் வந்த ஒவ்வொரு மேளக்காரரும் அனுபவித்தார்.

அந்த மகா வித்வானுக்குப் பக்கத்தில் இரண்டாவது நாதஸ்வரமாக நின்றவர் காருகுறிச்சி அருணாசலம். இரண்டாவது நாதஸ்வரம் என்பது லேசான வேலை என்று எண்ண வேண்டாம். முதல்வர் ஒரு பிடியை விட்டு மூச்சு வாங்கும்போது, அந்த நாதம் அறுந்துபோகாமல் பிடித்து நிறுத்த வேண்டும். அவர் எங்கே போகப் போகிறார் என்பதை முன்கூட்டியே ஊகிக்க வேண்டும்; ஆனால் முந்திக்கொண்டு போய்விடக் கூடாது. ராஜரத்தினமோ ஒரு நாள் வாசித்தபடி மறுநாள் வாசிக்காதவர். பாடம் சொல்லிக் கொடுப்பதற்கென்று உட்காருகிற ஆசாமியும் அல்ல. கச்சேரியேதான் பாடசாலை. மருமகள் மாமியார் பக்கத்தில் நின்று சமையல் கற்றுக்கொள்வதில்லையா, அது மாதிரி. உப்பு எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது. கையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

1956-ல் ராஜரத்தினம் மறைந்தார். இனி அந்தத் தோடியை யார் வாசிப்பார் என்று ரசிகர்கள் கலங்கினார்கள். காருகுறிச்சியார் குருவின் நகலாக நின்றுவிடவில்லை என்பதுதான் விசேஷம். குருநாதரிடம் கம்பீரமும் வேகமும் அதிகம்; அடுத்த கணம் என்ன செய்வாரோ என்று கேட்பவருக்குப் படபடக்கும். சிஷ்யரிடம் குழைவு அதிகம். ஊதுகிற வாத்தியத்தில் ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிக்கொண்டு போவது கஷ்டம்; விரலைப் பாதி மூடி, உதட்டை இறுக்கித் தளர்த்தி, மூச்சைக் கூட்டிக் குறைத்துத்தான் கமகம் உண்டாக்க வேண்டும். காருகுறிச்சியார் வாசிப்பில் அந்தப் பிரயாசை வெளியே தெரியாது. பெண்கள் தாலாட்டும்போது ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல்லுக்கு இழைவார்களே, அப்படி இருக்கும். எனக்கு அவருடைய வேகத்தைவிட அந்த நிதானந்தான் பிடிக்கிறது. அவருடைய பதிவுகளைக் கேட்பவர்கள் இதில் என்னோடு சண்டைக்கு வரலாம், வரட்டும்.

அவருக்குத் தவில் வாசித்தவர்களில் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியும் ஒருவர் (1933-1975). கடல் கடந்து வந்து தமிழ்நாட்டு மேடைகளைக் கலக்கியவர். கணக்கில் புலி. கையில் மின்னல். ஒருவர் குழைவு, மற்றவர் வேகம். இருவரும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாதஸ்வரம் நீளமாக ஒரு கார்வை கொடுத்து நிற்கும். அந்தக் கார்வைக்குள்ளே தவில் பொடிப் பொடியாகச் சொற்களை இறைக்கும். கார்வை அசையாது. நியூயார்க் நிலவறையில் மூன்று பேர் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்களே, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டாமல் பேசுகிற வித்தை, அது நம் ஊர்க் கோவில் மதிற்சுவருக்குப் பக்கத்தில் ஏற்கனவே நடந்துகொண்டுதான் இருந்தது.

ஆபேரியில் ஒரு போட்டி

1962-ல் 'கொஞ்சும் சலங்கை' படம் வெளிவந்தது. ஜெமினி கணேசனும் சாவித்திரியும் நடித்த டெக்னிகலர் படம். எஸ். எம். சுப்பையா நாயுடு இசை. அதில் 'சிங்கார வேலனே தேவா' என்ற பாட்டு. கு. மா. பாலசுப்பிரமணியம் எழுதியது, எஸ். ஜானகி பாடியது, காருகுறிச்சியார் நாதஸ்வரம். ராகம் ஆபேரி.

பெண் குரலையும் நாதஸ்வரத்தையும் சேர்ப்பது எவ்வளவு ஆபத்தான காரியம் என்று பாருங்கள். நாதஸ்வரம் திறந்த வெளிக்குப் பிறந்த வாத்தியம். ஒலிப்பதிவுக் கூடத்தில் பக்கத்தில் நின்று பாடினால் குரல் மூழ்கிப் போகும். ஆகையால் நாதஸ்வரத்தையும் குரலையும் தனித்தனியே பதிவு செய்து, பின்னர் ஒன்றாக இணைத்தார்கள். கேட்கிற நமக்கு அது தெரிகிறதா? இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, கண்ணோடு கண் பார்த்துக்கொண்டு வாசித்ததாகவே தோன்றுகிறது. பாட்டின் பின்பகுதியில் ஸ்வரங்களை மாற்றி மாற்றிப் பாடியும் வாசித்தும் வருகிற இடத்தைக் கவனியுங்கள். நாதஸ்வரம் குரலாகிறது, குரல் நாதஸ்வரமாகிறது. அப்போது ஜானகிக்கு வயது இருபத்து நாலுக்குள். தமிழ் தாய்மொழியும் அல்ல. அந்த ஒரு பாட்டு அவரைத் தமிழ்நாட்டின் வீட்டுக்கு வீடு கொண்டு போய்ச் சேர்த்தது.

கரிசல்காட்டுக் கிராமங்களுக்கு இந்தப் பாட்டு போய்ச் சேர்ந்த வழி வேறு. கல்யாண வீட்டுப் பந்தலில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி! கோவிலுக்குப் போக முடியாதவர்களும், கச்சேரிக்கு டிக்கெட் வாங்க முடியாதவர்களும், பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவர்களும் காட்டில் நின்றபடியே ஆபேரியைக் கேட்டார்கள். ராகத்தின் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பெயர் தெரிந்துதான் என்ன ஆக வேண்டும்?

படம் வந்து இரண்டே வருஷத்தில், 1964-ல், காருகுறிச்சி அருணாசலம் காலமானார். நாற்பதைச் சற்றே கடந்த வயது. குரு மறைந்து எட்டு வருஷந்தான் ஆகியிருந்தது. சினிமா உலகம் நாதஸ்வரத்தை மறந்துவிடவில்லை. விகடனில் தொடராக வந்து தமிழ்நாட்டுப் பெண்களை வாராவாரம் காத்திருக்க வைத்த கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' 1968-ல் படமானபோது, சிவாஜி கணேசனின் விரல்களுக்குப் பின்னால் மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களின் மூச்சு இருந்தது. சிக்கல் சண்முகசுந்தரத்தின் ரோஷத்தைப் பார்த்தவர்கள், மேளக்காரருக்கும் மானம் உண்டு என்று தெரிந்துகொண்டார்கள்.

ராஜமேளமும் நையாண்டியும்

புதூர்ப் பக்கத்தில் பங்குனி, சித்திரையில் அம்மன் கோவில் பொங்கல் நடக்கும்போது போய்ப் பாருங்கள். அங்கே நீங்கள் கேட்பது பெரும்பாலும் நையாண்டி மேளம். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு பம்பை, ஒரு தமுக்கு, ஜால்ரா. கரகாட்டத்துக்கும் காவடிக்கும் வாசிக்கிற மேளம் அது. சபை மேளக்காரர்களை ராஜமேளம் என்பார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் சாஸ்திரம், அந்தப் பக்கம் கூத்து என்று வைத்திருக்கிறோம். வாத்தியம் ஒன்றுதான், சீவாளி ஒன்றுதான், மூச்சும் ஒன்றுதான். கூலியும் மரியாதையும்தான் வேறு.

விளாத்திகுளம் சுவாமிகளின் கட்சியை நினைத்துக்கொண்டு நையாண்டி மேளத்தைக் கேட்டுப் பாருங்கள். கரகாட்டப் பெண் ஓய்வெடுக்கிற நேரத்தில் நாதஸ்வரக்காரர் தனக்குத்தானே வாசித்துக்கொள்வது போல ஒரு ராகத்தைத் தொடுவார். கரகரப்ரியாவாக இருக்கலாம், ஆபேரியாக இருக்கலாம். இரண்டு நிமிஷந்தான். அதற்குள் கூட்டத்தில் ஒருவன் சினிமாப் பாட்டுக் கேட்டு ரூபாய் நோட்டை நீட்டிவிடுவான். அந்த இரண்டு நிமிஷத்தைத் தவற விடாதீர்கள்.

பெண்களுக்கு ஒரு விசேஷச் செய்தி. மூச்சுப் பலம் வேண்டிய இந்த வாத்தியம் ஆண்களுக்கே உரியது என்று சொல்லி வந்த காலத்தில், மதுரை எம். எஸ். பொன்னுத்தாய் மேடையேறி வாசித்துப் பெரும்பெயர் வாங்கினார். நம் காலத்திலோ காலீஷாபி மகபூப் என்ற அம்மையார் கணவர் ஷேக் மகபூப் சுபானியோடு ஜோடியாக வாசித்து வருகிறார். இருவருக்கும் 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. தாமே சமையலையும் பார்த்து, தாமே சாதகமும் செய்கிற பெண்மணியின் மூச்சை யார் அளந்து பார்ப்பது?

இப்போது உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறேன். மண்டபம், சமையல், பூ அலங்காரம், படம் பிடிப்பவர் எல்லாவற்றுக்கும் வீட்டுப் பெண்கள் கூடிப் பேசி முடிவு செய்கிறீர்கள். மேளம்? "மண்டபத்துக்காரரே ஏற்பாடு செய்வார்" என்று விட்டுவிடுகிறீர்கள். சில இடங்களில் அதுவும் இல்லை. பதிவு செய்த மங்கல இசையைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. கோவில்களில் மின்சாரத்தால் தானாக அடித்துக்கொள்ளும் முரசும் மணியும் வந்து தவில்காரரின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. வருஷத்தில் சில மாத முகூர்த்தங்களை வைத்துக்கொண்டுதான் மேளக்காரர் குடும்பம் பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டும். 2020-ல் நோய்க்கு அஞ்சி ஊர் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டபோது அதுவும் போயிற்று. அவர்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் சீவாளியைக் கையில் எடுப்பார்கள்? தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் அரசு இசைப் பள்ளிகளில் நாதஸ்வரமும் தவிலும் மூன்று வருஷப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். படித்து முடித்த பையன் எங்கே போய் வாசிப்பான் என்பதை முடிவு செய்கிறவர் பள்ளிக்கூடத்து வாத்தியார் அல்ல. தாம்பூலம் வைத்து மேளம் பேசுகிற நீங்கள்தான்.

சிரமம் ஒன்றுமில்லை. மேளக்காரர்களுக்குக் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்காதீர்கள். மணமேடை தெரிகிற இடத்தில் ஒரு சின்ன மேடை போட்டு, மேலே ஜமக்காளம் விரித்துக் கொடுங்கள். ஒலிபெருக்கியை அவர்கள் வாய்க்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். வைத்தால் தவில் காதைத் துளைக்கும், நீங்களே நிறுத்தச் சொல்வீர்கள். முகூர்த்தம் ஏழரைக்கு என்றால், ஆறு மணிக்கு ஜனங்கள் வருவதற்கு முன்னால் அரைமணி நேரம் அவர்களுக்குப் பிடித்த ராகத்தை வாசிக்கச் சொல்லுங்கள். என்ன ராகம் என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, அவர்களையே கேளுங்கள். கேட்டவுடன் நாதஸ்வரக்காரர் உங்களை ஒரு பார்வை பார்ப்பார். வழக்கமாகக் கல்யாண வீட்டில் அவரிடம் யாரும் பேசுகிற பேச்சு "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்பது ஒன்றுதான். பிறகு அவர் பழைய சீவாளியைக் கழற்றிவிட்டு, கொத்திலிருந்து நல்லதாக ஒன்றைத் தேடி எடுப்பார்.

சமையல்கட்டுக்குச் சொல்லி, அதற்குள் அவர்களுக்குச் சூடாகக் காபி அனுப்பிவிடுங்கள். வாசிக்கத் தொடங்கிவிட்டால் ஆறிப்போகும்.